உள்ளே கட்டிய மந்திரகோடி

அலமாரியில் இருந்த துணிகளையெல்லாம் வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு, வெறும் தட்டுகளைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள் செசிலி மாமி.

"ஏட்டி பிரிஜா! அம்மைக்க மந்திரகோடி எங்கட்டி?"

"அங்கதான் மாமி இருந்தது."

"இருந்தது எங்க போச்சு? காலு முளைச்சு நடந்து போச்சா?"

பிரிஜா அடுக்களை வாசலில் நின்றாள். மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. இழுத்தால் வயிற்றைச் சுற்றியிருந்த பட்டு இறுகியது. விட்டால் நழுவியது. நீளவாக்கில் மடித்து, சுடிதாருக்கு உள்ளே, இடுப்பிலிருந்து விலா வரைக்கும் அவள் சுற்றி வைத்திருந்தது அந்தச் சேலையைத்தான். ஜரிகை குத்திக் குத்தி அந்த இடமெல்லாம் எரிந்தது. வியர்வை பட்டதும் பாச்சை உருண்டை வாசனை கழுத்து வழியாக மேலே வந்தது. தனக்கு மட்டும்தான் அது வருகிறதா, எல்லோருக்கும் வருகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முன் அறையான முன்முறியில் குளிர்பெட்டிக்குள் அம்மா கிடந்தாள். பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடியது. கோயில் செபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். செபத்தின் நடுவே எல்லோருடைய காதும் இந்த அறையில்தான் இருந்தது.

"உனக்க அப்பன் ஆன்ட்ரூஸ் வந்துட்டே இருக்கான்," என்றாள், அப்பாவின் அக்காவான மாமி. "குலசேகரம் தாண்டியாச்சாம். அவன் வந்து வெறுங்கையோட நிக்கவா? போர்த்த சேலை வேண்டாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுட்டி. அம்மை வேற எங்கயும் வச்சாளா?"

"தெரியாது மாமி."

கல்யாணத்தன்று கோயிலில் பங்குச் சாமியாரான அச்சன் மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை வாங்கிப் பெண்ணின் தலைமேல் போர்த்துகிற சேலை அது. அதை உடுத்தி இரண்டொரு விசேஷத்துக்குப் போவார்கள். அப்புறம் அலமாரியோடு சரி. கடைசியில் ஒருநாள் அதே கை அதே சேலையை எடுத்துப் போர்த்திவிட, அதோடு மண்ணுக்குள் போவார்கள். அந்தக் கை முந்திக்கொண்டு மண்ணுக்குப் போயிருந்தால் பதிலாக மகன் போர்த்துவான். சேலை இல்லாமல் போனவள் என்று இந்தத் தெருவில் யாரும் இல்லை.

அம்மா அதைச் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த நாள்முதல் கஞ்சித் தெளிவு தவிர எதுவும் இறங்கவில்லை. பிரிஜா கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் போனா அந்தச் சேலைய எனக்க மேல போட விட்டிராத, என்னா?"

"எந்தச் சேலை?"

"தெரியாத மாதிரி கேக்கா பாரு. மந்திரகோடி."

"ஏம்மா இப்பிடிப் பேசுத? கஞ்சியக் குடி."

"அதப் போட்டுட்டுப் போனா அங்கயும் அவருக்க பெண்டாட்டியாத்தான் போய் நிக்கணும். இங்க நின்னது போதும் மக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, உறங்கிவிட்டாள் என்று பிரிஜா நினைத்தபோது, கண்ணைத் திறக்காமலே மீதியைச் சொன்னாள்.

"சொர்ணக்காட்ட குடுத்திரு. ஆபீஸ் அடுப்புல போட்டிருவா. நான் அவட்ட சொல்லியாச்சு."

ஆபீஸ் என்றால் அண்டி ஆபீஸ், முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை. அம்மாவும் சொர்ணம்மாளும் அங்கே அடுத்தடுத்து உட்கார்ந்து அண்டி உடைத்தவர்கள். கொட்டையின் தோட்டையே போட்டு எரிக்கிற அடுப்பு அங்கே உண்டு. அதில் எதைப் போட்டாலும் மிச்சம் இருக்காது என்று அம்மா முன்பே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள்.

பிரிஜா சரி என்று தலையாட்டினாள். கேட்க வேண்டிய ஒன்றை அன்றைக்குக் கேட்கவில்லை. அப்பா பேச்சிப்பாறைக்கு ரப்பர் வெட்டப் போனபோது அவள் இரண்டாம் வகுப்பு. முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். பிறகு அங்கே ஒரு வீடும் ஒருத்தியும் இருப்பதாக மாமியே வந்து சொல்லி அழுதுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடையிலும் அம்மா அந்தச் சேலையை வெளியே எடுத்தாள். நிழலில் உலர்த்தினாள். மடிப்பை மாற்றி மடித்தாள். புது உருண்டை போட்டு வைத்தாள். வேண்டாத சேலைக்கு எதற்கம்மா இவ்வளவு பாடு என்று கேட்டிருக்கலாம்.

இன்று விடியுமுன்னே மூச்சு நின்றபோது பக்கத்தில் பிரிஜா மட்டும்தான் இருந்தாள். முதலில் சொர்ணம்மாளுக்குத்தான் போன் செய்தாள். பிறகு அலமாரியைத் திறந்து சேலையை எடுத்தாள். சொர்ணம்மாள் வந்ததும் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் விஷயம் எப்படித்தான் போனதோ, கேட்டைத் தள்ளிக்கொண்டு "எனக்கத் தங்கமே!" என்று முதலில் வந்த குரல் செசிலி மாமியுடையது. வீட்டில் இருப்பது இரண்டு முறியும் ஒரு அடுக்களையும். ஒளித்துவைக்க இடமில்லை. தன் உடம்பு ஒன்றுதான் பக்கத்தில் இருந்தது.

சொர்ணம்மாள் வந்து சேர்ந்தபோது வீடு நிறைந்துவிட்டது. அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு பிரிஜாவுக்கும் அவள் சொர்ணக்காதான். நெற்றியில் அய்யாவழி நாமமும் கையில் வயர் கூடையுமாக வந்தாள். பெட்டியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுக்களைப் பக்கம் வந்து, பால் விடாத கட்டஞ்சாயா ஆற்றுகிறவளைப்போல டம்ளரைத் தூக்கிப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"எங்க மக்ளே?"

பிரிஜா வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

சொர்ணம்மாளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "அய்யோ, எனக்க வைகுண்டரே," என்றாள். "கக்கூசுக்குப் போயி அவுத்துத் தா."

கக்கூசும் சேர்ந்த குளிமுறி வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருத்தி பேரனுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மணிக்கணக்கில் அந்தக் கதவு சும்மா இருக்கவில்லை.

அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தினார்கள். ஆபீஸில் போனஸ் கிடைத்த வருஷம் அம்மாவே எடுத்த நீலச் சேலை. "தற்போதைக்கு இதக் கட்டுவோம். மேல போர்த்த அது வரட்டு," என்றாள் மாமி. அண்டிப்பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன விரல்களைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். போகவில்லை. யாரோ வெள்ளைக் கிளவுஸ் கொண்டுவந்தார்கள்.

"அது அழுக்கில்லம்மா," என்றாள் வாசலில் நின்ற சொர்ணம்மாள். "எனக்கும் இருக்கு, பாருங்க. போட்டு மூடணுமா?"

"எல்லாருக்கும் போடுதுதான். கெடக்கட்டு," என்றாள் அன்பியத்துத் தலைவி சுனிதா.

கிளவுஸ் ஏறியதும் அந்தக் கைகள் வேறு யாருடையதோ ஆகிவிட்டன. பிரிஜா அவற்றைப் பார்க்காமல் அம்மாவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடலுக்குப் பின்னால் ஒரு சின்ன மறு உண்டு. அது இருந்தது.

குனிந்து நிமிர்ந்ததில் உள்ளே சுற்று தளர்ந்திருக்க வேண்டும். வலது பக்கம் ஒரு மடிப்பு சரிந்து இடுப்புக்குக் கீழே வந்து நின்றது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் சுவரோடு சாய்ந்தாள். சுனிதா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பார்வை வயிற்றில் வந்து நின்றது. பக்கத்திலிருந்தவளின் முழங்கையை மெல்ல இடித்தாள்.

"பிளஸ் ஒன்னுதானே படிக்கா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. தாய் ஆஸ்பத்திரியில கெடந்தா, தகப்பன் மலையில. பிள்ளைய யாரு பாத்தா?"

பிரிஜாவுக்கு அது கேட்டது. அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அம்மா இதைக் கேட்டிருந்தால் கட்டிலில் புரண்டு சிரித்திருப்பாள். இனி ராத்திரி யாரிடம் போய் இதைச் சொல்வது என்ற நினைப்பு வந்தபோதுதான், அன்று முதல் தடவையாக, அம்மா செத்துப்போனது அவளுக்கு உறைத்தது.

வெளியே ஆட்டோ நின்றது. பெண்களின் அழுகை சட்டென்று ஒரு படி உயர்ந்தது. அப்பா வந்துவிட்டார்.

ஆன்ட்ரூஸ் மெலிந்திருந்தார். தேய்த்த சட்டை. தலையில் பாதி வெள்ளை. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்பவரைப்போல எல்லோரையும் பார்த்தார். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குளிர்பெட்டியை மாற்றிச் சவப்பெட்டியில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அதன் கால்மாட்டில் வந்து நின்றுகொண்டார். மகளைப் பார்த்ததும் அவர் கை அவள் தலையை நோக்கிப் பாதிதூரம் வந்தது. பிறகு தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டது.

செசிலி மாமியால் தாங்க முடியவில்லை. "பாத்தியாலே உனக்கப் பிள்ளைய! தாயில்லாதவளா ஆக்கிட்டுப் போயிட்டாளே!" என்று அலறிக்கொண்டு பிரிஜாவை இழுத்து நெஞ்சோடு சேர்த்தாள்.

சேர்த்த கை இடுப்பில் நின்றது.

அழுகையும் நின்றது. மாமியின் உள்ளங்கை சுடிதாருக்கு மேலே ஒருமுறை அழுத்திப் பார்த்தது. இன்னொரு இடத்தில் அழுத்தியது. பிரிஜாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை பிரிஜா அதற்கு முன் எந்தப் பெரியவரிடமும் பார்த்ததில்லை.

"வாட்டி இங்க."

குளிமுறி வாசலில் நின்றவர்களை மாமி ஒற்றைக் கையால் விலக்கினாள். "பிள்ளைக்கு மயக்கம் வருது. மாறுங்க, மாறுங்க!" உள்ளே தள்ளிக் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் அவள் காதருகே குனிந்தாள்.

"யாரு? எத்தன மாசம்? சொல்லு. கொன்னுருவேன், சொல்லு."

பிரிஜா சுடிதாரை நெஞ்சுவரை தூக்கிக் காட்டினாள்.

மயில்கழுத்து நிறக் கரை, சந்தன நிற உடல். நனைந்த இடங்களில் நிறம் கூடியிருந்தது. மாமி அதைப் பார்த்துக்கொண்டே கவிழ்த்துவைத்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். வாய் திறந்திருந்தது. முதலில் நிம்மதிதான் வந்தது, நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள். பிறகு மெல்லக் கோபம் ஏறியது.

"திருட்டு மூதி. நான் உயிரக் குடுத்துத் தேடிட்டிருக்கேன்..."

"அம்மைதான் வேண்டாம்னு சொன்னா மாமி."

"என்ன சொன்னா?"

பிரிஜா குழாயைப் பார்த்தாள்.

"எனக்கத் தம்பியப் பத்தித்தானே? சொல்லு. நான் கேக்காத பேச்சா?"

"அதப் போட்டுட்டுப் போனா அங்கயும் அப்பாவுக்கப் பெண்டாட்டியாத்தான் நிக்கணுமாம். இங்க நின்னது போதுமாம்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வாளியில்லாத தரையில் தண்ணீர் தெறித்து மாமியின் சேலைக்கரை நனைந்தது. அவள் காலை நகர்த்தவில்லை. கைநீட்டிப் பட்டின் கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள், கடையில் துணி பார்ப்பதுபோல.

"நாகர்கோயில்ல நானாக்கும் எடுத்தது," என்றாள். "கடைக்காரன் செவப்பு எடு செவப்பு எடுன்னான். உனக்க அம்மை ஷீஜாக்க நெறத்துக்கு இதுதான்னு நான் நின்னேன்."

வெளியே கதவைத் தட்டினார்கள். "செசிலி அக்கா, அச்சன் வந்தாச்சு!"

மாமி எழுந்தாள். தன் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தளர்ந்த சுற்றைப் பிரித்து, பிரிஜாவைத் திருப்பித் திருப்பி, பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவதுபோல இறுக்கிச் சுற்றினாள். ஊக்குகளைக் குத்தினாள். ஒன்று தோலில் பட்டது.

"ஸ்..."

"பொறு. நடக்கும்போ அவுந்து விழுந்தா நாறிப்போவும்."

சுடிதாரை இழுத்துவிட்டு, தன் துவர்த்துத் துண்டை அவள் தோளில் முன்பக்கமாகத் தொங்கவிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் முதல் ஆளாக சுனிதா நின்றாள்.

"என்னக்கா, பிள்ளைக்கு...?"

"பட்டினி கெடந்த வயிறு. காத்து ஏறிப் போச்சு. நீ ஒரு சாயா போட்டுக் குடுத்திருந்தா ஏறியிருக்காது."

முன்முறியில் போய் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "மந்திரகோடி கெடச்சுது. கரையான் அரிச்சுப் போட்டு. போர்த்த கொள்ளாது. வெள்ளத் துணி போதும், அச்சோ," என்று அச்சன் பக்கம் திரும்பினாள்.

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். இரும்பு அலமாரியில் கரையான் எப்படி ஏறும் என்று யாரும் கேட்கவில்லை. ஆன்ட்ரூஸ் மட்டும் திறந்த கதவு வழியே அந்த அலமாரியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கோயில் உபதேசியார் நீட்டிய வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் வாங்கினார். அம்மாவின் கழுத்துவரை போர்த்தினார். ஒரு மூலை மடிந்திருந்தது. அதை நீவிவிட்டு நேராக்கினார். இன்னொரு மூலையையும் நீவினார். அச்சன் தொண்டையைச் செருமும்வரை நீவிக்கொண்டே இருந்தார்.

கோயிலிலும் கல்லறையிலும் நடந்ததெல்லாம் பிரிஜாவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. துக்கமணி. சாம்பிராணிப் புகையில் பாச்சை உருண்டை வாசனை அமுங்கிப்போன நிம்மதி. முழங்காலிட்டபோது விலாவில் குத்திய ஊக்கு. ஒரு பிடி மண் போடக் குனிந்தபோது எங்கே அவிழ்ந்து விழுந்துவிடுமோ என்று இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வலது கையால் போட்டாள். மண் பெட்டிமேல் விழுந்த சத்தம் கேட்டதா இல்லையா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அந்த நேரம் அவள் அம்மாவை நினைக்கவில்லை. சேலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிவந்து கஞ்சியும் பயறும் குடித்துவிட்டு ஊர் கலைந்தது. அம்மா கிடந்த மெத்தையைப் பின்பக்கம் தென்னை மூட்டில் போட்டு எரித்தார்கள். வெயில் தாழ்ந்தபோது ஆன்ட்ரூஸ் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்றார்.

"கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்," என்றார். "அங்க அவளுக்குத் தனியா..." முடிக்கவில்லை.

பிரிஜா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதை வித்துட்டாளா மக்கா?"

"எத?"

"உனக்குத் தெரியும்."

அவர் மெத்தை எரிகிற புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்தன்னைக்கு நல்ல மழை. ஒரே குடை, உனக்க அம்மைக்க கையில. எனக்கும் பிடிக்கல, தனக்கும் பிடிக்கல. சேலைக்குப் பிடிச்சிட்டு வந்தா, கோயில்ல இருந்து வீடுவரைக்கும். நாங்க ரெண்டுபேரும் நனைஞ்சு போனோம். சேலையில ஒரு துளி இல்ல." சிரிக்கப் பார்த்தார். "வித்தாலும் பரவால்ல. நல்ல விலை கெடச்சிருக்கும்."

ரோடு திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்ப்பார் என்று பிரிஜா நின்றாள். அவர் பார்க்கவில்லை.

செசிலி மாமி பாத்திரங்களைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். போகிறபோது, "நாளைக்கு எனக்க வீட்டுக்கு வந்திரு. புத்தகத்த மட்டும் எடுத்தா போதும்," என்றாள். சேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சொர்ணம்மாள் வயர் கூடையைக் காலி செய்துகொண்டு காத்திருந்தாள். தூக்குவாளியை வெளியே எடுத்து ஜன்னலில் வைத்திருந்தாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"தா மக்கா. விடியவெளுப்புக்கு ஷிப்டு ஏறுவேன். அடுப்புப் பக்கம் யாரும் இருக்க மாட்டா."

மாமி குத்திய ஊக்குகளைச் சொர்ணம்மாளே கழற்றினாள். முந்தானையின் நுனி கையில் வந்ததும் மெல்ல இழுத்தாள். பிரிஜா சுழன்றாள். ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காலையிலிருந்து உள்ளே போகாத காற்றெல்லாம் போயிற்று. இடுப்பைச் சுற்றி ஜரிகையின் மாங்காய் வடிவம் சிவப்பாகப் பதிந்திருந்தது. சொர்ணம்மாள் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து சுவர்வரை போய்விட்டாள். கடைசிச் சுற்று பிரிந்தபோது அந்த முனை பிரிஜாவின் கையில் நின்றது.

சொர்ணம்மாள் லேசாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

மெத்தை போய்விட்ட கட்டிலின் பலகைகளுக்கு மேலே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, வியர்வையில் கசங்கிய சேலை அசையாமல் நின்றது. ஜன்னல் வழியாகப் புகை வந்தது.

"அவ சொன்ன மாதிரி நான் போட்டிருவேன். எனக்கொண்ணும் இல்ல," என்றாள் சொர்ணம்மாள். கறுத்த விரல்களால் தன் பக்கத்து நுனியைப் பிடித்தபடியே இருந்தாள். "உனக்கு வேணுமாட்டி?"